‘சும்மா எண்ணினேன்’ என்று சொல்லாதே!

கத்திவாக்கத்தில் ஏறினான் அந்தத் தம்பி. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் காலை மின்ரயில். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, காலில் சேஃப்டி ஷூ. ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடப் போனவனை நான்தான் பேச்சுக்கு இழுத்தேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். சிப்காட்டில் ஓர் இரும்பு உருட்டாலையில் மூன்று வருடமாகக் காண்ட்ராக்ட் வேலை.

“அடுத்து என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டேன்.

“என்னா சார் அடுத்து? பேக்ரவுண்டு இருக்கறவன் எதுனா பண்ணுவான். எனக்கு அப்பா இல்ல. எட்டாவது படிக்க சொல்ல போய்ட்டாரு. அம்மா மீன் விக்குது. இதுவே பெருசு சார்.”

இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். குரலில் எழுபது வயதின் அலுப்பு.

எண்ணூர் தாண்டி ரயில் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறியது. அவன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். கண் வெளியே போனது. உதடு மட்டும் அசைந்தது. பாலம் முடிவதற்குள் சொன்னான்: “பதினொண்ணு. நேத்து பதினேழு இருந்துச்சு.”

“எது?”

“கூழைக்கடா சார். அந்தத் திட்டுக்கிட்ட.”

“தினமும் எண்ணுவாயா?”

“ஆமா சார். போ சொல்ல ஒருவாட்டி. வர சொல்ல வெளிச்சம் இருந்தா இன்னொருவாட்டி. சும்மா.”

அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. ‘பேக்ரவுண்டு இல்லை’ என்றபோது கூட எனக்கு இரக்கம்தான் வந்தது. ‘சும்மா’ என்றபோது கோபம் வந்தது. அந்தப் பெட்டி முழுக்க ஆள் இருந்தார்கள். சிலர் தூக்கத்தில், சிலர் செல்போனில். அந்த நீர்ப்பரப்பை நிமிர்ந்து பார்த்தவன் அவன் ஒருவன். பார்த்ததோடு விடாமல் எண்ணியவன். எண்ணியதை மறக்காமல் நேற்றோடு ஒப்பிட்டவன். இத்தனையும் செய்துவிட்டு, கையில் இருக்கும் பொன்னைத் தவிடு என்று சொல்லித் தெருவில் கொட்டுகிறான்!

தம்பி, உன்னிடம் அன்று அத்திப்பட்டிலிருந்து கவரைப்பேட்டை வரை நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உனக்காக மட்டும் இல்லை. மாதவரம் பஸ்ஸில் தொங்கியபடி ஷிப்டுக்குப் போகிறவனுக்கும், காக்களூர் தொழிற்பேட்டையில் காலை முதல் மாலை வரை நின்றபடி பேக்கிங் செய்கிற தங்கைக்கும் சேர்த்து எழுதுகிறேன். ‘அப்பா என்ன பண்றார்?’ என்ற கேள்விக்குத் தலை குனியும் ஒவ்வொருவருக்கும் எழுதுகிறேன்.

மா. கிருஷ்ணன் என்றொருவர் இருந்தார். இந்தியக் காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர்களில் முதல் வரிசைக்காரர். தமிழர். யானையைப் பற்றியும் எழுதுவார், வீட்டுக் கொல்லைப்புறத்து அணிலைப் பற்றியும் எழுதுவார். இரண்டுக்கும் ஒரே மரியாதை. 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி.

அப்பா அ. மாதவையா. தமிழில் நாவல் என்ற வடிவம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ‘பத்மாவதி சரித்திர’த்தை எழுதியவர். திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்துக்காரர். பிழைப்புக்கு அவர் பார்த்தது உப்பு, ஆயத்தீர்வை இலாகா வேலை. அத்திப்பட்டு நிலையத்தில் ரயில் நின்றபோது உனக்கு அதைச் சொன்னேன், நினைவிருக்கிறதா? ஒரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் உப்பளங்கள் பரந்து கிடந்தன. பழைய சென்னை மாகாணத்தில் உப்பு என்பது அரசாங்கத்தின் பெரிய வருமானம். அதைக் கண்காணிக்கிற அதிகாரியாகக் கடற்கரையோர ஊர்களில் சுற்றிய மனிதர், பகலெல்லாம் உப்பும் சாராயமும் கணக்குப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தார். குழந்தைத் திருமணம் கூடாது என்று எழுதினார். விதவைப் பெண்ணின் துயரத்தை எழுதினார். பெண்ணுக்குப் படிப்பு வேண்டும் என்றார், தன் வீட்டுப் பெண்களுக்கும் அதைச் செய்து காட்டினார். பிறகு வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக அச்சகம் வைத்து, ‘பஞ்சாமிர்தம்’ என்ற இதழையும் நடத்தினார்.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில், இன்று ராதாகிருஷ்ணன் சாலை என்று நீ அறிந்த எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் குடியிருந்தது. வீட்டுக்குப் பெயர் ‘பெருங்குளம் ஹவுஸ்’; விட்டு வந்த ஊரை வாசலில் மாட்டிக்கொண்ட வீடு. இன்று அந்தச் சாலையில் மேம்பாலம், ஹோட்டல், ஆஸ்பத்திரி. அன்று மயிலாப்பூர்ப் பக்கமெல்லாம் புதர் மண்டிக் கிடந்தது. நரி ஊளையிட்டது. வெளிமான்களும் கண்ணில் பட்டன. அந்த வீட்டுக் கடைக்குட்டி ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான்.

அங்கே ஒரு நிமிடம் நின்று யோசி. வீட்டில் அப்பா கதை எழுதுகிறார், மூத்தவர்கள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள், அச்சகம், இதழ், விருந்தாளிகள். கடைக்குட்டி தோட்டத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு கீரியின் மூக்கு எப்படி மண்ணை மோப்பம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். யாராவது கேட்டிருந்தால் அவனும் ‘சும்மா’ என்றுதான் சொல்லியிருப்பான்.

1925 அக்டோபர் 22. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டம். பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று மாதவையா எழுந்து பேசினார். பேசி முடித்து உட்கார்ந்தவர் அங்கேயே உயிர்விட்டார். வயது 53. அவர் விட்டுப்போன கடைசிப் பிள்ளைக்கு வயது 13.

பதிமூன்று, தம்பி. எட்டாவது படிக்கும் வயது.

இதைச் சொன்னபோது நீ முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாய். ஆனால் உடனே கேட்டாய்: “அவுங்க பெரிய குடும்பம் சார். அப்பா போனாலும் ஆளுங்க இருப்பாங்க. நமக்கு யாரு?”

கேட்க வேண்டிய கேள்வி. மழுப்ப மாட்டேன். ஆமாம், அது படித்த குடும்பம். சமூகத்தில் மேல்தட்டில் இருந்த குடும்பம். கிருஷ்ணனின் அண்ணன் மா. அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். ஆனார், பிற்பாடு சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார், ஆங்கிலத்தில் நாவலும் எழுதினார். உன் அம்மா விடியலில் காசிமேட்டில் ஏலம் எடுக்கிற மீனும் அந்த வீட்டு நூலகமும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் உன்னை ஏமாற்றுகிறார்கள். ஓட்டப்பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே கோட்டில் தொடக்கம் இல்லை. இந்த மண்ணில் அது இன்னும் இல்லை. அந்த அநியாயத்தை மறந்துவிடு என்று உன்னைக் கேட்கவும் மாட்டேன்.

ஆனால் அதே வீட்டை இன்னொரு பக்கத்திலிருந்து பார். புகழ்பெற்ற அப்பா செத்துப்போனார். அண்ணன் ஐ.சி.எஸ். கடைக்குட்டிக்குப் படிப்பு ஓடவில்லை. மதிப்பெண் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ‘உன் அண்ணனைப் பார்’ என்ற வாக்கியம் அந்த வீட்டின் சுவரெல்லாம் எழுதியிருக்காதா? பின்னணி இல்லாதவனின் வலி உனக்குத் தெரியும். பின்னணிக்கு ஈடு கொடுக்க முடியாதவனின் வலி வேறு மாதிரி. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அப்பாவின் படம் அவனைப் பார்க்கும்.

1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் கற்பித்தவர் பி.எப். ஃபைசன், நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஆங்கிலேயர். பரீட்சைத் தாளில் பிரகாசிக்காத அந்த மாணவன் பேராசிரியரின் பின்னால் மலையேறினான். செடி பார்க்கக் கற்றான். ஃபைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றான். வகுப்பறையில் கிடைக்காதது மலைச்சரிவில் கிடைத்தது. 1931-ல் பி.ஏ., அப்புறம் எம்.ஏ., 1936-ல் சட்டப் படிப்பு. இத்தனை பட்டம் வைத்துக்கொண்டும் நல்ல வேலை அமையவில்லை. பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதினார், கேலிச்சித்திரம் போட்டார். அச்சகத்தில் வேலை பார்த்தார், வானொலியில் வேலை பார்த்தார். 1937-ல் இந்துமதி என்ற பெண்ணை மணந்தார்.

1942-ல் சண்டூர் சமஸ்தானத்துக்குப் போனார். இன்றைய கர்நாடகத்தில் பெல்லாரிப் பக்கம் இருக்கிறது. இரும்புத் தாது நிறைந்த மலைநாடு; நீ வேலை பார்க்கிற உருட்டாலைக்கு அந்த மண்ணின் நிறம் அந்நியமில்லை. அங்கே அவர் பார்க்காத வேலை இல்லை. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, ராஜாவின் அரசியல் செயலாளர். ஆடு மேய்த்துப் பார்த்தார். கடிதம் சுமக்கிற புறாக்களை வளர்த்துப் பார்த்தார். ஹம்பியின் இடிபாடுகளுக்குள் அலைந்தார். ஊரார் பார்வையில் ஒன்றிலும் நிலைக்காத மனிதர்! ஆனால் ஆடு மேய்த்தபோதும், நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னபோதும், அந்தக் கண் வேலையை நிறுத்தவே இல்லை. மலைச்சரிவில் எது பூத்தது, எந்தப் பறவை வந்தது, ஓநாய் எந்த வழியாகப் போனது. கீரிப்பிள்ளையைப் பார்த்த அதே கண்.

1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. சண்டூர் வாழ்க்கை முடிந்தது. வயது 37. மனைவி, குடும்பம். நிரந்தர வேலை இல்லை. சென்னைக்குத் திரும்பினார்.

அந்த இடத்தில் உன்னையும் என்னையும் வைத்துப் பார்க்கிறேன். முப்பத்தேழு வயதில் வேலையில்லாமல் மயிலாப்பூர் வீட்டு வாசலில் வந்து நிற்பது எப்படி இருக்கும்? நாம் என்ன செய்திருப்போம்? ‘இனி என்ன இருக்கிறது’ என்று கிடைத்த நாற்காலியில் சாய்ந்திருப்போம். அவர் 1950-ல் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. படமும் அவரே வரைவார், புகைப்படமும் அவரே எடுப்பார். ஒரு வருடம், இரண்டு வருடமா? 1996 பிப்ரவரி 18-ல் கண்மூடும் வரை. நாற்பத்தாறு ஆண்டுகள்!

நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு மனிதன் சொல்வதற்கு விஷயம் வேண்டும். அந்த விஷயம் எங்கிருந்து வந்தது? ஐ.சி.எஸ். அண்ணன் கொடுத்தாரா? பட்டம் கொடுத்ததா? பதிமூன்று வயதில் ‘சும்மா’ பார்த்த பார்வையைக் கீழே வைக்காமல் தூக்கிக்கொண்டு நடந்தாரே, அதிலிருந்து வந்தது. வேலை மாறியது, ஊர் மாறியது, வருமானம் வந்தது போனது. அந்த ஒன்றை மட்டும் அவர் அடகு வைக்கவில்லை.

நீ ஃபிட்டர் என்பதால் உனக்கு இதைச் சொல்ல வேண்டும். காட்டு யானையைப் பக்கத்தில் நின்று படம் எடுத்த அந்த மனிதரின் கேமரா கடையில் வாங்கி அப்படியே தோளில் மாட்டியதில்லை. பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துப் பொருத்திக்கொண்ட பாரமான சாதனம். அதற்கு ‘சூப்பர் பாண்டிரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். படமெல்லாம் கறுப்பு வெள்ளைதான். இன்று உன் சட்டைப் பையில் இருக்கிற செல்போனைப் பார்த்தால் அவர் என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிக்கொள்கிறேன். உனக்குக் கருவிக் குறை இல்லை, தம்பி. உன் கைக்கு ஒரு போல்ட்டை எத்தனை திருகு திருகினால் நிற்கும் என்று தெரியும். அளவு தெரிந்த கை அது. அந்தக் கைக்கும் அந்தக் கண்ணுக்கும் நடுவே ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும்தான் குறை.

1968-ல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. அப்போது அவர் செய்த வேலை என்ன தெரியுமா? தீபகற்ப இந்தியாவின் காடுகளில் அலைந்து, பெரிய பாலூட்டிகள் எங்கே எத்தனை இருக்கின்றன, என்ன நிலையில் இருக்கின்றன என்று கணக்கெடுத்தது. 1959 முதல் 1970 வரை இந்தியக் காட்டுயிர்களின் நிலையைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் வெளியிட்டது. பத்மஸ்ரீ கிடைத்தது. 1995-ல் ஐ.நா.வின் ‘குளோபல் 500’ கௌரவம் வந்தது. நீ பாலத்தில் ரயில் ஓடும் முப்பது விநாடியில் செய்வதை அவர் காடு காடாகச் செய்தார். அவர் எழுதி வைத்தார். நீ எழுதி வைக்கவில்லை. உனக்கும் அவருக்கும் நடுவில் இன்று நான் காண்கிற முதல் தூரம் அந்தக் காகிதத்தின் தடிமன்தான்!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். நீ அளக்கிறாய். அளந்ததை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறாய்.

இன்னும் உன் முகத்தில் சந்தேகம் இருந்தது. மீஞ்சூர் தாண்டியிருந்தோம். “இங்கிலீஷ் தெரிஞ்சவங்க சார் அவுங்க” என்றாய். சரி, இங்கிலீஷும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். இருளர்களைப் பார். உன் பொன்னேரி வட்டாரத்திலும் கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலும் அவர்கள் குடிசைகள் இல்லாத ஏரிக்கரை உண்டா? அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட குடும்பங்களின் செய்தி இந்த மாவட்டத்திலிருந்து எத்தனை முறை வந்திருக்கிறது! பின்னணி என்று நீ சொல்கிறாயே, அதில் அவர்களைவிடக் கீழே யாரையும் இந்தச் சமூகம் வைக்கவில்லை. அந்த இனத்தில் பிறந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்கள், பாம்பு பிடிப்பவர்கள். 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சதுப்பு நிலத்தில் பெருகி, உள்ளூர் உயிர்களையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அந்த நாட்டின் விஞ்ஞானிகள் திணறினார்கள். இவர்கள் மண்ணையும் புல்லையும் பார்த்தே தடம் சொன்னார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. மாதவையாவின் மகனுக்குக் கிடைத்த அதே பத்மஸ்ரீ.

அவர்களுக்குத் தாத்தா விட்டுப்போன சொத்து என்ன? தடம் பார்க்கிற கண். அதை அவர்கள் ‘சும்மா’ என்று தூக்கி எறிந்திருந்தால்?

சாலிம் அலியையும் சொன்னேன். 1896-ல் பம்பாயில் பிறந்தவர், வீட்டின் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் அப்பா போனார், மூன்று வயதில் அம்மா போனார். மாமா வீட்டில் வளர்ந்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர். பிறகு ஓர் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை கிடைத்தது. ஜெர்மனிக்குப் போய்ப் பறவையியல் கற்றுத் திரும்பி வந்து பார்த்தால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். காண்ட்ராக்ட் முடிந்தவன் கதை மாதிரிதான்! மனைவியோடு கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போனார். வீட்டருகே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையில்லாத அந்த மனிதர் மாதக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டி வைக்கும், பெண் வந்து சோதித்துப் பார்க்கும், பிடித்தால்தான் குடியேறும், ஓர் ஆண் அடுத்தடுத்துப் பல கூடு கட்டும். அவர் பெயரைப் பறவை உலகம் கவனிக்க வைத்தது அந்த வேலையில்லாத மாதங்கள். தூக்கணாங்குருவிக்கு கிஹிம் போக வேண்டியதில்லை. கவரைப்பேட்டை தாண்டினால் வயல்வெளிப் பனையோலையில் தொங்குகிறது.

தம்பி, கிருஷ்ணன் பார்த்த மயிலாப்பூர்ப் புதர் இன்று இல்லை. அதை மூடித் தார் ஊற்றியாகிவிட்டது. உன் வாசலில் இருப்பதைப் பார். கிழக்கே பழவேற்காடு, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, ஆந்திரமும் தமிழ்நாடும் பங்கிட்டுக்கொண்ட நீர். பனிக்காலத்தில் பூநாரைகள் அங்கே ரோஜா நிறக் கோடு கிழித்த மாதிரி நிற்கும். உன் ஆலைச் சுற்றுச்சுவருக்கு வெளியே சீமைக்கருவேலம் மண்டிய வெட்டவெளியில் ஆள்காட்டி கத்துகிறது. சேற்றுத் திட்டுகளில் உப்புக்கொத்தி ஓடி ஓடி நிற்கிறது. என்ன அழகான பெயர் வைத்திருக்கிறான் தமிழன் அதற்கு! தென்மேற்கே பூண்டி நீர்த்தேக்கம், 1944-ல் கட்டி முடித்தது, சென்னைக்குத் தண்ணீர் கொடுப்பது. அதன் பக்கத்தில் அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே ஆதிமனிதனின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். ஃபூட் யார்? நிலவியல் இலாகா ஊழியர். பாறை அளக்கப் போனவர் கீழே கிடந்த கல்லைக் குனிந்து பார்த்தார். அவருக்கு முன்னால் அந்தக் கல்லை எத்தனை பேர் மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள்!

இத்தனைக்கும் நடுவில் நின்றுகொண்டு ‘எனக்கு எதுவும் இல்லை’ என்று சொல்ல உனக்கு உரிமை கிடையாது. சம்பளம் போதவில்லை என்று சொல், உனக்கு உரிமை உண்டு. காண்ட்ராக்டை நிரந்தரமாக்கு என்று கேள், உரக்கக் கேள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் உன் கண்ணை நீயே மதிப்பில்லாதது என்று சொன்னால் அதை உலகத்தில் வேறு எவன் மதிப்பான்?

நானும் ஒன்றைக் கைவிட்டவன். பன்னிரண்டு வயதில் பனைமரங்களை வரைந்துகொண்டே இருப்பேன். பெரியவர் ஒருவர் நோட்டைப் பிடுங்கி, ‘இது சோறு போடுமா?’ என்றார். அன்று மூடிய நோட்டை முப்பது வருடம் திறக்கவில்லை. இப்போது கை மறந்துவிட்டது. மட்டையின் வளைவு வரவில்லை. அந்த முப்பது வருடத்தை யாரிடம் கேட்டு வாங்குவேன்? அதனால்தான் உன்னிடம் இவ்வளவு கடுமையாகப் பேசினேன். நான் இழந்ததை நீ என் கண்முன்னே இழப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சோறு போடுமா என்று நீயும் கேட்பாய். கிருஷ்ணனுக்கு உடனே போடவில்லை. உனக்கும் போடாமல் போகலாம். உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. ஷிப்டு உன் வீட்டு அடுப்பு. ஆனால் எட்டு மணி நேரம் ஆலைக்குக் கொடுத்தபின் மிச்சமிருப்பவன் யார்? அவனுக்கு ஒரு பெயர் வேண்டாமா? கேட்டில் பஞ்ச் செய்கிற எண்ணைத் தவிர அவனிடம் வேறு எண்ணே இருக்கக் கூடாதா?

நீ எண்ணிய அந்தப் பதினேழு கூழைக்கடாவைப் பற்றிக் கேள். ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆசிரியர்கள், பிள்ளைகள், டிரைவர்கள், யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவில், ஏரியில், வயலில் பார்த்த பறவைகளை எண்ணி ‘ஈபேர்ட்’ என்ற செயலியில் பதிகிறார்கள். பட்டம் கேட்பதில்லை. அப்பா பெயர் கேட்பதில்லை. எங்கே, என்றைக்கு, எந்த நேரம், எந்தப் பறவை, எத்தனை, இவ்வளவுதான். அந்தப் பதிவுகளை உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒரே இடத்தை ஒரே நேரத்தில் தினமும் எண்ணுகிறவன் கிடைப்பது அவர்களுக்கு அபூர்வம். பெரிய படிப்புக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். உன்னைப் போல வருடத்தில் முந்நூறு நாள் அதே பாலத்தைக் கடக்கிற ஆளுக்கு எங்கே போவார்கள்? நீ ஒரு வருடம் எழுதினால், அந்த ஆற்றில் கூழைக்கடா எந்த மாதம் கூடுகிறது, எந்த மாதம் குறைகிறது, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த தண்ணீரில் எத்தனை நாள் வராமல் போகிறது என்று சொல்லக்கூடிய ஆள் நீயாக இருப்பாய். நாளைக்கு அந்த ஆற்றைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தால், பேசத் தகுதியுள்ளவன் நீ. கையில் கணக்கு இருக்கிறவனை யாரும் உட்காரச் சொல்ல முடியாது.

காலில் ஷூவோடு நில். தேதியைப் போடு. தமிழில் எழுது. பெயர் தெரியாத பறவையா, எப்படி இருந்தது என்று எழுது. பெயர் பிறகு வரும். தவறாக எண்ணிவிட்டாயா, அடித்துவிட்டு எழுது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் எழுது. மாதவையாவின் பிள்ளைக்குச் சொத்தாகக் கிடைத்தது ஒரு புதர்க்காடும் ஒரு மொழியும். உனக்கு ஒரு ஆறும் அதே மொழியும் கிடைத்திருக்கிறது. எடுத்துக்கொள்! யாரும் எழுந்து வந்து உன் கையில் வைக்க மாட்டார்கள்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கினோம். பிளாட்பாரம் முழுக்க அடையாள அட்டைகள் ஓடின. கம்பெனி வேனைப் பிடிக்க அவனும் ஓட வேண்டியவன்தான். ஆனால் நின்றான். என் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர்க் குழாயின் திண்டில் வைத்து முதல் பக்கத்தில் தேதியைப் போட்டான். கொசஸ்தலை ஆறு, ரயில் பாலம், கூழைக்கடா, 11.

“ஓடுகிற ரயிலில் இவ்வளவு சரியாக எண்ண யார் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று கேட்டேன்.

பேனாவை மூடியவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அப்பாதான் சார். சின்னதுல என்னையும் படகுல கூட்டிட்டுப் போவாரு. கூழைக்கடா எங்க கூட்டமா எறங்குதோ அங்கதான் மீன் இருக்கும், எண்ணிச் சொல்லுடான்னுவாரு. நான் சொல்ற எண்ண வெச்சுதான் வலை போடுவாரு.”

அந்த வரிக்குக் கீழே, இடம் விட்டு, அவன் தன் அப்பாவின் பெயரை எழுதினான்.